நல்லூர் வளவுக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பான நல்லூர் வளவுக்காரர்களுக்கு,

வணக்கம். பருத்தித்துறை வீதியில் சங்கிலித்தோப்பு, யமுனா ஏரி, பழைய மந்திரிமனைக் கட்டடம் ஆகியவற்றைச் சுற்றியுள்ள காணிகளில் குடியிருக்கும் உங்களுக்கும், வீட்டைப் பூட்டிச் சாவியை அயலாரிடம் கொடுத்துவிட்டு லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் உங்கள் உடன்பிறப்புகளுக்கும் இதை எழுதுகிறேன். பழைய கட்டடங்களைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் வழக்கமாகத் தொல்பொருள் திணைக்களத்துக்குத்தான் எழுதுவார்கள். அவர்களுக்குச் சொல்லவும் என்னிடம் சில விஷயங்கள் இருக்கின்றன, அதைப் பின்னால் சொல்கிறேன். ஆனால் யாழ்ப்பாண அரசர்கள் இருந்து ஆண்ட நல்லூர் அரண்மனையின் மிச்சம் இருப்பது உங்கள் வளவுக்குள். உங்கள் கிணற்றடிக்கும் வாழைப்பாத்திக்கும் கோழிக்கூட்டுக்கும் கீழே இருக்கிறது. அதனால் முதலில் உங்களோடு பேச வேண்டும்.

வீதியோரம் நிற்கும் அந்த வளைவை நீங்கள் தினமும் கடக்கிறீர்கள். சங்கிலியன் தோப்பு என்று பலகை வைத்திருக்கிறார்கள். பருத்தித்துறை பஸ் அதைத் தாண்டிப் போகும்போது யாரும் தலை திருப்புவதில்லை. சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நாங்கள் அதற்குள் நுழைந்து மறுபக்கம் வருவோம். வாசல் இருக்கும், வீடு இருக்காது. உள்ளே போனால் மரங்களும் சருகும்தான். வாசல் மட்டும் தனியாக ஏன் நிற்கிறது என்று ஆசிரியரிடம் கேட்டபோது, "அரசன் உள்ளே போனான், திரும்பி வரவில்லை" என்றார். பல வருடம் அந்தப் பதில் என்னைத் தொந்தரவு செய்தது.

யாழ்ப்பாண வைபவமாலை என்ற பழைய நூல் சொல்லும் நல்லூரை நினைத்துப் பாருங்கள். நாலு பக்கமும் மதிலும் வாசலும், மாளிகை, பூங்கா, பூங்காவின் நடுவே நீராடும் மண்டபம், நீதிமன்றம், யானைப்பந்தி, குதிரைலாயம், படைவீரர் இருப்பிடம். வாசல்களுக்குக் காவலாக நாலு கோயில்கள்: கிழக்கே வெயிலுகந்த பிள்ளையார், மேற்கே வீரமாகாளி அம்மன், வடக்கே சட்டநாதர், தெற்கே கைலாசநாதர். நூலில் இருப்பதையெல்லாம் அப்படியே வரலாறு என்று நான் சொல்ல மாட்டேன். அது டச்சுக்காரர் காலத்தில், அரசு அழிந்து நூறு வருடத்துக்கு மேல் கழிந்தபின் மயில்வாகனப் புலவர் எழுதியது. ஆனால் அந்த நாலு கோயில்களிலும் இன்றைக்கும் விளக்கு எரிகிறது. போர்த்துக்கேயர் இடித்தவற்றைச் சனங்கள் மறுபடி எழுப்பிக்கொண்டார்கள். ஒருநாள் காலையில் சைக்கிளில் இந்த நாலு கோயில்களையும் சுற்றி வாருங்கள். அப்போது விளங்கும், அந்த வட்டத்துக்குள்தான் நாம் எல்லோரும் வீடு கட்டிக் குடியிருக்கிறோம் என்று.

யமுனா ஏரியையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும். ஏரி என்கிறோம், உண்மையில் அது ப வடிவத்தில் வெட்டிய கேணி. வைபவமாலையில் முப்புடைக் கூபம் என்று வருவது இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்பது பலருடைய கருத்து. யமுனை நதியிலிருந்து தீர்த்தம் கொண்டுவந்து அதில் கலந்தார்கள் என்பது கதை. கதை கிடக்கட்டும். ஒரு பக்கத்தில் நின்றால் மற்றப் பக்கம் மறையும்படி ஒரு கேணியை யோசித்து வெட்டியிருக்கிறார்கள் பாருங்கள், அதுதான் எனக்குப் பெரிய விஷயம். அந்தக் கேணிக்குள் பொலித்தீன் பைகள் மிதப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எறிந்தவர்கள் வேற்றூர்க்காரர் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு மனம் வரவில்லை.

இவ்வளவு பெரிய அரண்மனை எங்கே போனது என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். 1450இல் தெற்கே கொழும்புப் பக்கத்துக் கோட்டை இராச்சியத்திலிருந்து செண்பகப்பெருமாள் வந்து நல்லூரைப் பிடித்தான். நல்லூரைத் திருத்திக் கட்டியவன் அவன் என்பார்கள். கந்தசாமி கோயில் கட்டியத்தில் புவனேகபாகு என்று இன்றும் அவன் பெயரைச் சொல்கிறார்கள். 1467இல் கனகசூரிய சிங்கையாரியன் இந்தியாவிலிருந்து திரும்பி வந்து அரசை மீட்டான். 1560இல் போர்த்துக்கேயப் படை நல்லூருக்குள் புகுந்தது, 1591இல் மறுபடியும் வந்தது. 1619இல் போர்த்துக்கேயத் தளபதி பிலிப்பே டி ஒலிவேரா கடைசி அரசனான சங்கிலியைப் பிடித்தான். அவனைக் கோவாவுக்குக் கொண்டுபோய்த் தூக்கிலிட்டார்கள். 1621இல் கந்தசாமி கோயிலை அடியோடு இடித்தார்கள். தலைநகரம் கடலோரத்துக்கு, இன்றைய யாழ்ப்பாணக் கோட்டைப் பக்கம் மாறியது. நல்லூர்க் கல் அந்தக் கோட்டை மதிலுக்குப் போனது. மிஞ்சியதை மழையும் மரமும் எடுத்துக்கொண்டன. அப்புறம் வந்த நாலு நூற்றாண்டுகளில் எடுத்துக்கொண்டவர்கள் நாம்.

இதை மனம் நோகச் சொல்லவில்லை. என் ஐயா நொத்தாரிசு ஒருவரிடம் காணி உறுதிப் பத்திரம் எழுதும் வேலை பார்த்தவர். பழைய உறுதிகளைப் பிரதி எடுக்கும்போது காணிப் பெயர்களை வாய்விட்டு வாசிப்பார். சங்கிலித்தோப்பு, பண்டாரவளவு, பண்டாரக்குளம். "இந்த அரசனுக்குச் சிலை தேவையில்லை, உறுதியிலேயே உயிரோடு இருக்கிறான்" என்பார். போர்த்துக்கேயரும் டச்சுக்காரரும் தோம்பு என்ற காணிப் பதிவேட்டை எழுதியபோது சனங்கள் வாயில் இருந்த பெயர்களைத்தான் எழுதினார்கள். அரண்மனை விழுந்தபின்னும் பெயர் விழவில்லை. ஆனால் பெயரைக் காப்பாற்றிய அதே உறுதிகள்தான் நிலத்தைத் துண்டு துண்டாகவும் ஆக்கின. மூத்தவளுக்குச் சீதனமாக இரண்டு பரப்பு, இளையவளுக்கு இரண்டு பரப்பு, மிச்சம் முதுசொமாக ஆண்பிள்ளைகளுக்கு. டச்சுக்காரர் 1707இல் தேசவழமை என்ற நம் வழக்கச் சட்டத்தை எழுதி வைத்த நாளிலிருந்து, ஏன் அதற்கு முன்னிருந்தே, நம் குடும்பங்கள் அப்படித்தான் காணி பிரித்தன. பதினாறு பரப்புக் கொண்ட ஏக்கர் ஒன்று மூன்று தலைமுறையில் எட்டு வீடாகிறது. ஒவ்வொரு வீட்டுக்கும் அத்திவாரம், கிணறு, மலகூடக் குழி. ஒவ்வொரு குழியும் கீழே இருக்கிற நல்லூரில் ஒரு வெட்டு.

இனி எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். இதை இதுவரை வெளியில் சொன்னதில்லை.

நான் பத்தாம் வகுப்புப் படித்த வருடம் பெரியம்மாவின் வளவில் குழி வெட்டினார்கள். ஐந்தடி போனதும் மண்வெட்டி கல்லில் பட்டது. கூலிக்காரர் கையால் மண்ணைத் தள்ளிப் பார்த்தார். செங்கல். இப்போதைய செங்கல்லைவிட மெல்லியது, அகலமானது. ஒன்றன்மேல் ஒன்றாகச் சுண்ணாம்புச் சாந்தில் வைத்துக் கட்டிய வரிசை, வேலிப் பக்கமாக நீண்டு போனது. பக்கத்திலேயே உடைந்த ஓட்டுத் துண்டுகளும், பச்சை பிடித்த ஒரு செப்புக் காசும் கிடந்தன. ஐயா அந்தக் காசைப் புளியில் ஊறப் போட்டுத் துடைத்தார். படுத்திருக்கும் எருதின் உருவம் தெரிந்தது, அதன் கீழே சேது என்ற எழுத்து. யாழ்ப்பாண அரசர்களின் நாணயம். காசைப் புளியில் போடுவது எவ்வளவு பெரிய பிழை என்று எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது.

நான் துள்ளிக்கொண்டு பள்ளிக்கூடத்தில் சொல்லப் போனேன். பெரியம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார். "வாய் திறக்காதே மோனை. தெரிஞ்சால் காணி போயிடும். உன்ர மச்சாளுக்குச் சீதனம் குடுக்க வேற என்ன இருக்கு?" அன்று மாலையே குழியை மூடினார்கள். மூன்றடி தள்ளி வேறு குழி வெட்டினார்கள்.

பெரியம்மா பேராசைக்காரி இல்லை. கணவனை இழந்து இரண்டு பெண்பிள்ளைகளை அந்தக் காணியை நம்பி வளர்த்தவர். அவருக்கு இருந்த பயம் இன்றைக்கு உங்களுக்கும் இருக்கிறது, எனக்கும் இருக்கிறது. இப்போது இன்னும் கூடியிருக்கிறது. சைவர்கள் கும்பிட்டு வந்த குருந்தூர்மலையிலும் வெடுக்குநாறிமலையிலும் கன்னியா வெந்நீரூற்றிலும் தொல்பொருள் என்ற சொல்லோடு, இவை பௌத்த இடங்கள் என்ற உரிமைகோரல் உட்பட, என்னென்ன வந்தது என்று வடக்குக் கிழக்கில் தெரியாத வீடு இல்லை. கும்பிடப் போனவர்கள் நீதிமன்றம் போக வேண்டி வந்தது. அதைப் பார்த்த ஒருவர் தன் வளவில் கிடைத்த செங்கல்லைத் திரும்பவும் மண் போட்டு மூடினால், அவரைக் குற்றம் சொல்ல என்னால் முடியாது.

ஆனால் அந்தப் பயத்தால் நாம் இழப்பதையும் பார்க்க வேண்டும். கண் முன்னாலேயே ஒரு நகரம் அழிகிறது. அதை அழிப்பது இந்த முறை அந்நியப் படை இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பாதிப் பயம் தெரியாமையால் வருவது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2க்கு முந்திய கட்டடங்களைப் பழைமைச் சின்னமாகக் கொள்கிறது. தனியார் காணியில் நிற்கும் அப்படியொரு கட்டடத்தைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக வர்த்தமானியில் அறிவிக்கலாம். அறிவித்தால் அதை அனுமதி இல்லாமல் இடிக்கவோ மாற்றவோ முடியாது. ஆனால் காணி உங்களுடையதாகவே இருக்கும், உறுதி உங்கள் பெயரிலேயே இருக்கும். அரசு காணியை எடுக்க வேண்டுமானால் 1950ஆம் ஆண்டின் காணி சுவீகரிப்புச் சட்டத்தின்படி தனியாக நடவடிக்கை எடுக்க வேண்டும், நட்டஈடு கொடுக்க வேண்டும். உங்களுக்குப் பிடிக்காத பகுதியையும் மறைக்கக் கூடாது: மண்ணுக்குள் இருந்து புதிதாக வெளிவரும் தொல்பொருள் அரசுக்குரியது. எங்கள் சேது காசும் சட்டப்படி எங்களுடையது அல்ல.

அந்த வளைவு சங்கிலியனுடையதே இல்லை, டச்சுக்காரர் காலத்தது, அதற்கு எதற்கு இந்தப் பாடு என்று உங்களில் சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். டச்சுக்காரர் காலத்து முதலியாரான பூதத்தம்பியின் பெயரால் அதைப் பூதத்தம்பி வளைவு என்று சொல்பவர்களும் உண்டு. நான் கட்டடக்கலை படித்தவன் அல்ல. ஆனால் அந்தத் தூணையும் சுதைவேலையையும் பார்த்தால் ஐரோப்பியச் சாயல் எனக்கே தெரிகிறது. மந்திரிமனையிலும் அப்படித்தான், அதன் மரவேலைப்பாட்டில் நம் தச்சரின் கையும் சுவர்களில் வெளிநாட்டு வடிவமும் கலந்திருக்கின்றன. அதனால் என்ன? டச்சுக்காரர் காலத்து வாசல் என்றாலும் அது இருநூறு வருடத்துக்கு மேற்பட்ட வாசல், சட்டத்தின் 1815 எல்லைக்கு முந்தியது. அரசன் போனபின்னும் நல்லூரில் ஆட்கள் வாழ்ந்தார்கள், பழைய கல்லை எடுத்துப் புது வாசல் கட்டினார்கள் என்பதற்கு அதுவே சாட்சி. மேலே நிற்பது எந்தக் காலத்தது என்றாலும் கீழே கிடப்பதைத் தோண்டிப் பார்த்தால்தான் தெரியும். யாருடைய வளைவு என்ற வாக்குவாதம் முடியட்டும் என்று காத்திருந்தால் வாக்குவாதம் செய்ய வளைவு இருக்காது.

இப்போது தொல்பொருள் திணைக்களத்தாருக்கு.

ஐயா, அம்மா, 1890இல் தொடங்கிய திணைக்களம் உங்களுடையது. அனுராதபுரத்தையும் பொலன்னறுவையையும் காட்டுக்குள் இருந்து மீட்டவர்கள் நீங்கள். நல்லூர் காட்டுக்குள் இல்லை, வீடுகளுக்கு நடுவே இருக்கிறது. அங்கே செய்த வேலை இங்கே சரிவராது. கொழும்புக்குப் பக்கத்தில் கோட்டை இராசதானிக்கு நடந்ததை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். அந்த மதிலும் அகழியும் வீட்டுத் தோட்டங்களுக்குள் துண்டுதுண்டாகக் கிடக்கின்றன. நல்லூரைப் பிடித்த அதே செண்பகப்பெருமாள்தான் பிறகு கோட்டையிலும் அரசாண்டான். அவன் இருந்த இரண்டு தலைநகரங்களும் ஒரே விதமாகக் கொல்லைப்புறங்களுக்குள் மறைந்து போயின. அங்கே நடந்த தவறை இங்கே திருத்தலாம்.

பலகை நட்டுவிட்டுப் போவதோடு வேலை முடிந்ததாக நினைக்காதீர்கள். வளவுக்காரர் வீட்டுக்கு வாருங்கள். தமிழில் பேசத் தெரிந்த அதிகாரி வரட்டும், சீருடைக்காரர் வேண்டாம். வீட்டுக்காரர் தரும் தேத்தண்ணியைக் குடியுங்கள். உங்கள் காணியை எடுக்க வரவில்லை, எடுக்கவும் மாட்டோம் என்பதை எழுத்தில் கொடுங்கள். எந்த வளவில் என்ன இருக்கிறது, வீட்டுக்காரர் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது, பராமரிப்புச் செலவு யாருடையது என்பதை ஓர் உடன்படிக்கையாக எழுதுங்கள். இன்றைக்கு ஒரு வளவுக்காரர் சுவரில் முளைத்த ஆலங்கன்றை வெட்டவே பயப்படுகிறார், கை வைத்தால் வழக்கு வரும் என்று. அந்த ஆலங்கன்று மூன்று மாரி கழிந்தால் சுவரைப் பிளக்கும். பயமுறுத்திக் காப்பாற்றிய சுவர் ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை.

அப்புறம், மண்ணுக்குள் கிடைப்பதைக் கொழும்புக்குக் கொண்டுபோகாதீர்கள். நல்லூரில் கிடைத்தது நல்லூரில் இருக்கட்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தொல்லியல் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களிடம் அளவுநாடாவும் வரைபடத்தாளும் கொடுத்து வளவு வளவாக அனுப்புங்கள். தோண்ட வேண்டும் என்றுகூட இல்லை. மேலே தெரிவதை அளந்து வரைந்தாலே பாதி வேலை ஆகிவிடும். கண்டெடுத்ததற்கு என்ன மதமென்று கண்டெடுக்கும் முன்பே யாரும் முடிவு செய்யாமல் இருந்தால், எங்கள் சனம் தானாகவே கதவைத் திறக்கும்.

மறுபடியும் வளவுக்காரர்களே, உங்களிடம் வருகிறேன். நான் கேட்பதில் பெரும்பாலானவை காசு கேட்காத வேலைகள். பழைய சுவரில் சீமெந்து பூசாதீர்கள். வெடிப்பை அடைப்பது நல்ல நோக்கம்தான், ஆனால் சுண்ணாம்புச் சாந்து மூச்சு விடும், சீமெந்து விடாது. உள்ளே நிற்கும் ஈரம் வெளியேற முடியாமல் கல்லையும் செங்கல்லையும் அரிக்கும். வெளியே சுவர் புதிதாகத் தெரியும், உள்ளே மாவாகிவிடும். சுவரில் முளைத்த கன்றை வேரோடு பிடுங்காதீர்கள், வேரோடு கல்லும் வரும். அடியில் வெட்டுங்கள், துளிர்க்கத் துளிர்க்க வெட்டுங்கள், அதற்குத் திணைக்களத்துக்கு ஒரு வார்த்தை எழுதி வைத்துவிட்டுச் செய்யுங்கள். புது மதில் எழுப்பும்போது பழைய கல் நிறைய வெளிவந்தால் அதையே அத்திவாரத்துக்குள் போட்டு நிரப்பாதீர்கள். மேசன்மார் அதைத்தான் முதலில் செய்வார்கள், ஏனென்றால் கல் இலவசம். அன்றைக்குக் கொஞ்சம் நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட, சொல்லுங்கள். வெளிநாட்டில் இருக்கும் அண்ணமார் அக்காமாரிடம் இதை முக்கியமாகக் கேட்கிறேன். உங்கள் அம்மா அப்பா குழி வெட்டியபோது என்ன கண்டார்கள், கிணறு வெட்டியபோது எத்தனை அடியில் கல் வந்தது, எந்த மூலையில் விளக்கு வைக்கச் சொல்லி ஆச்சி சொன்னார், எந்தப் பக்கத்தில் மழைத்தண்ணி நிற்காமல் மண்ணுக்குள் இறங்கிவிடும் என்பதெல்லாம் உங்கள் நினைவில் மட்டும் இருக்கிறது. உங்கள் பிள்ளைகளுக்கு அது தெரியாது. அடுத்த முறை கந்தசாமி கோயில் திருவிழாவுக்கு வரும்போது, இருபத்தைந்து நாளில் ஒருநாளை இதற்கு ஒதுக்குங்கள். பழைய உறுதியை எடுத்துக் காணிப் பெயரைப் பாருங்கள், ஒரு படம் எடுத்துவையுங்கள். காணியை விற்கப் போகிறீர்கள் என்றாலும் பரவாயில்லை, விற்பதற்கு முதல் எழுதி வையுங்கள். வாங்குகிறவருக்கு அது எந்த வளவு என்று தெரியட்டும்.

பெரியம்மா இப்போது இல்லை. மச்சாள்மார் இருவரும் கனடாவில். அந்தக் காணியை அவர்களிடம் இருந்து நான்தான் வாங்கினேன். அதனால் நானும் ஒரு வளவுக்காரன். உங்களை முதலில் வாய் திறக்கச் சொல்லிவிட்டு நான் மூடிக்கொண்டு இருப்பது சரியில்லை. மச்சாள்மாரோடு பேசினேன். இரண்டு பேரும் சம்மதித்தார்கள். மூத்தவர் தொலைபேசியில் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அம்மா கோபிக்க மாட்டா, காணிதான் எங்களை விட்டுப் போகேல்லையே" என்றார்.

ஆகவே திணைக்களத்தாருக்கும் பல்கலைக்கழகத்தாருக்கும் இந்த மடலின் பிரதியோடு என் முகவரியை அனுப்பியிருக்கிறேன். காசு ஒரு தீப்பெட்டிக்குள் இருக்கிறது. வந்தால் தருவேன், அது நல்லூரிலேயே இருக்கும் என்ற கடிதத்தை வாங்கிக்கொண்டு. செங்கல் வரிசை இருக்கும் இடம் வீட்டின் பின்பக்கம், கிணற்றிலிருந்து எட்டு அடி கிழக்கே, கறிவேப்பிலை மரத்துக்கும் வேலிக்கும் நடுவில், ஐந்தடி ஆழத்தில். வேலிக்கு அந்தப் பக்கமும் அது தொடர்ந்து போகிறது. அந்தப் பக்கத்து வளவு உங்களில் ஒருவருடையது. ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன் ஒருநாள் சொல்லுங்கள், அளவுநாடாவோடு வருகிறேன்.

அன்புடன்,
நல்லூர் வளவுக்காரன் ஒருவன்